எட்டுச் சனிக்கிழமைக்கு எந்தச் சாம்பியன்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான ஒரு தோட்டப் பட்டணத்தில் குத்துச்சண்டைக் குழு நடத்துகிறவர்களுக்கு மழை மாதங்களில் வரும் கேள்வி இது. திடல் சேறாகிவிடும், ஓட்டம் கிடையாது. மண்டபம் சனிக்கிழமை இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரைதான் கிடைக்கும். பையன்களில் பாதிப் பேர் பகலெல்லாம் செம்பனைக் குலை தூக்கிவிட்டு வருகிறவர்கள். சோர்ந்த தோளோடு கனமான பையைக் குத்தவிட்டால் திங்கட்கிழமை வேலைக்குப் போக மாட்டார்கள். சரி, புரொஜெக்டரைப் போட்டுப் படம் காட்டிப் பாடம் நடத்தலாம் என்று முடிவாகிறது. எட்டு வாரம், ஒரே ஒரு ஹெவிவெயிட் (மிகக் கனத்த எடைப்பிரிவு) சாம்பியனின் காலம். யாருடைய காலம்?

பெரியவர்களைக் கேட்டால் முகமது அலி என்பார்கள். 1975 ஜூலை 1ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரோடு 15 சுற்று ஆடியவர் ஆயிற்றே! பையன்களைக் கேட்டால் ஒரே குரலில் மைக் டைசன். இரண்டுக்கும் காரணம் உண்டு. ஆனால் பதினைந்திலிருந்து இருபது வயதுக்குள் உள்ள, பெரும்பாலும் 80 கிலோவுக்குக் கீழே நிற்கும், மூன்று சுற்றுப் போட்டிகளில் ஆடப்போகும் பையன்களுக்கு இரண்டுமே நல்ல தொடக்கம் இல்லை.

எதை வைத்து அளப்பது என்று முதலில் பார்த்துவிடலாம். ஒரே ஆள் பத்து வருடம் பட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் மூன்று காரியம் நடக்கும். அவரோடு யார் மோதலாம் என்பதை அவரும் அவருடைய ஏற்பாட்டாளரும் தீர்மானிப்பார்கள். மற்ற எல்லாரும், அவர்களுடைய பயிற்சியாளர்களும், அவரிடம் ஓட்டை எங்கே என்று தேடியே தங்கள் ஆட்டத்தைச் செதுக்குவார்கள். அவர் போனபின் நாற்காலி காலியாகி, ஆளாளுக்கு ஒரு கால் பிடித்து இழுப்பார்கள். பையன்களுக்குப் பாடம் இருப்பது நடுவில் சொன்னதில்தான். சாம்பியன் கேள்வித்தாள் போடுகிறவர். எதிராளிகள் விடை எழுதுகிறவர்கள். எஸ்பிஎம் பள்ளித் தேர்வின் பழைய தாள்களைப் போல, நம் பையன்களால் எழுத முடிகிற தாளாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

ஜோ லூயிஸ், 1937–1949

ஒரே ஆளின் ஆட்சி என்றால் இதற்கு மேல் உதாரணம் கிடையாது. 1937 ஜூன் 22 அன்று சிகாகோவில் ஜேம்ஸ் பிராடாக்கை 8வது சுற்றில் வீழ்த்திப் பட்டம் எடுத்தார். 25 முறை எதிராளிகளை வென்று அதைக் காத்தார். 1949 மார்ச்சில் தோற்காமலே விலகினார். ஏற்பாட்டாளர் மைக் ஜேக்கப்ஸின் பிடி எப்படிப்பட்டது என்பதற்கு பிராடாக் ஒப்பந்தமே போதும்: பட்டத்தை லூயிஸுக்கு எதிரே பணயம் வைத்ததற்கு ஈடாக, அடுத்த பத்தாண்டு வருமானத்தில் பத்து விழுக்காடு பிராடாக்குக்கு. 1940 டிசம்பரிலிருந்து 1941 ஜூன் வரை மாதம் ஒரு காப்பு, மொத்தம் ஏழு. வரிசையில் நிற்க ஆளில்லாமல் போகும் அளவுக்கு வரிசையை அவரே தின்று தீர்த்தார்.

நமக்கு வேண்டியது பட்டத்துக்கு முன் அவர் கண்ட ஒரே ஒரு தோல்வி. பட்டம் பெறுவதற்கு ஒரு வருடம் முன்பு, 1936 ஜூன் 19 அன்று, மேக்ஸ் ஷ்மெலிங் அவரை 12வது சுற்றில் சாய்த்தார். ஷ்மெலிங் செய்தது நாம் சனிக்கிழமை செய்யப்போகிற வேலைதான். லூயிஸின் பழைய சண்டைப் படங்களைப் போட்டுப் பார்த்து, இடது ஜாப் (முன்னால் இருக்கும் கையால் போடும் நேர்க்குத்து) போட்டபின் அந்தக் கை தாழ்ந்து திரும்புகிறது என்று கண்டுகொண்டார். அந்த இடைவெளிக்குள் மேலிருந்து வலது. சண்டை முழுக்க அதே குத்து. இரண்டு வருடம் கழித்து லூயிஸ் 2 நிமிடம் 4 விநாடியில் கணக்குத் தீர்த்தார் என்பது தனிக் கதை. ஆனால் கை தாழ்ந்து திரும்பும் வியாதி ஹெவிவெயிட் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும். இந்த எட்டு வாரத்துக்கும் அதுதான் கயிறு.

இன்னொரு வசதி, லூயிஸ் ஏறக்குறைய 200 பவுண்டு, அதாவது 90 கிலோ. இன்றைய தொழில்முறைக் கணக்கில் ஹெவிவெயிட்டுக்குக் கீழான பிரிவாகிய குரூசர்வெயிட்டின் மேல் வரம்பும் 200 பவுண்டுதான். மலை போன்ற ஆள் இல்லை. குட்டிக் குட்டியாக நகர்ந்து, சில அங்குல தூரத்தில் குத்துகிற ஆட்டம். பயிற்சியாளர் ஜேக் பிளாக்பர்ன் கற்றுக்கொடுத்த சமநிலை அது, நம் பையன்கள் உடம்புக்குப் பொருந்தும்.

பிறகு ஏன் எட்டு வாரமும் லூயிஸ் இல்லை? படம்தான் காரணம். கறுப்பு வெள்ளை, கேமரா தூரத்தில், கால் தெரியாது. காலைக் காட்டாத படத்தை வைத்து ஜாப் சொல்லிக்கொடுப்பது வேரைப் பார்க்காமல் மரத்துக்கு உரம் போடுகிற மாதிரி. இரண்டு வாரத்துக்குச் சரி, அதற்கு மேல் பையன்கள் கொட்டாவி விடுவார்கள். (ஊர்க்காரர்களுக்கு ஓர் உபரித் தகவல்: 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டு அவசரகாலம் பிறந்தது. அதற்கு ஒன்பது நாள் கழித்துத்தான் நியூயார்க்கில் லூயிஸ் தன் கடைசிப் பட்டக்காப்பில் ஜெர்சி ஜோ வால்காட்டை 11வது சுற்றில் வீழ்த்தினார்.)

அலி: கூட்டம் சேரும், பழக்கம் கெடும்

அலியின் காலம் ஒருவருடைய ஆட்சி என்று சொல்வதே பாதி உண்மை. 1964இல் அப்போதைய சாம்பியன் லிஸ்டனிடமிருந்து பட்டம் எடுத்தார். 1967இல் படையில் சேர மறுத்ததால் பட்டம் பிடுங்கப்பட்டது. அவர் இல்லாத மூன்றரை வருடத்தில் ஜிம்மி எலிஸ் ஒரு பக்கம், ஜோ ஃபிரேசியர் மறுபக்கம் பட்டம் வைத்திருந்தார்கள். 1971இல் ஃபிரேசியரிடம் தோல்வி, 1974 கின்ஷாசாவில் ஃபோர்மனிடமிருந்து மீட்பு, 1978இல் லியோன் ஸ்பிங்ஸிடம் இழந்து அதே ஆண்டில் மறுபடி எடுப்பு. அந்தப் பத்தாண்டு இவ்வளவு செழித்ததற்குக் காரணமே அவர் முழுமையாக அடக்கி ஆளாததுதான்.

பாடம் இல்லாமல் இல்லை, அதுவும் பயிற்சியாளர்களுக்கு நிறையவே. எடி ஃபட்ச் என்ற ஒரே மனிதர் ஃபிரேசியர் மூலையிலும் (சுற்று இடைவேளையில் வீரரைக் கவனிக்கும் இடம்) இருந்தார், கென் நார்ட்டன் மூலையிலும் இருந்தார். அலி ஜாப் போடும்போது அவர் வலது கை முகத்தைக் காக்கிற இடத்தில் இருப்பதில்லை என்று கண்டு, அவர் போடும் அதே நேரத்தில் நீயும் ஜாப் போடு என்று நார்ட்டனிடம் சொன்னார். 1973 மார்ச்சில் அலியின் தாடை உடைந்த சண்டை அது. ஃபிரேசியரிடம் சொன்னது வேறு: நீ குனிந்து போனால் அவர் அப்பர்கட் (கீழிருந்து மேலே வரும் குத்து) போடுவார், கை இறங்கும் கணத்தில் இடது ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து). 1971இல் 15வது சுற்றில் அலி விழுந்த குத்து அந்த இடது ஹூக்.

ஆனால் பையன்கள் பார்ப்பது ஃபட்சை இல்லை. இடுப்புக்குக் கீழே தொங்கும் கையையும், பின்னால் சாய்ந்து குத்தைத் தவறவிடும் தலையையும்தான் பார்ப்பார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை அதையே ஆடுவார்கள். அலிக்கு அது செல்லுபடியானதற்கு அவருடைய காலும் 6 அடி 3 அங்குல உயரமும் காரணம். 5 அடி 7 அங்குலப் பையன் நேராகப் பின்னால் சாய்ந்தால் எடை குதிகாலில் போய் விழும். அங்கிருந்து திருப்பிக் குத்தவும் முடியாது, பக்கவாட்டில் நகரவும் முடியாது. இந்தப் பழக்கத்தைக் கழற்ற மூன்று மாதம் பிடிக்கும். பெரியவர்கள் ஆசைக்கு ஓர் இரவு தனியாக அலி–பக்னர் போடுங்கள், வடையும் தேத்தண்ணீரும் வைத்து. பாடத்தில் சேர்க்க வேண்டாம்.

டைசன்

1986 நவம்பர் 22இல் ட்ரெவர் பெர்பிக்கை 2வது சுற்றில் வீழ்த்தியதிலிருந்து 1990 பிப்ரவரி 11இல் தோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் விழும்வரை. மூன்று வருடமும் சில மாதமும். காலம் சின்னது, நிழல் பெரியது. சண்டைகள் பல சீக்கிரமே முடிந்துவிடுகின்றன. மைக்கல் ஸ்பிங்ஸ் நின்றது 91 விநாடி. பாடம் நடத்துகிறவருக்கு அது வீண், ஏனென்றால் எதிராளி விடை எழுதவே நேரமில்லை. டைசன் படம் போட்டால் பையன்கள் குத்தை மட்டும் பார்க்கிறார்கள். குத்துக்கு முன் தலை இரண்டு முறை இடம் மாறியதைப் பார்ப்பதில்லை. பயிற்சியாளர் கெவின் ரூனியை 1988இல் விலக்கியபின் அந்தத் தலை அசைவு குறைந்துகொண்டே வந்தது. டக்ளஸ் நீண்ட ஜாபும் வலதும் போட்டு அதைத் தண்டித்தார். வீங்கிய கண்ணுக்கு வைக்கும் குளிர் இரும்பு டைசன் மூலையில் இல்லை, ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீர் நிரப்பி ஒத்திக்கொண்டிருந்தார்கள். மூலையில் நிற்கப்போகிறவர்களுக்கு அந்த ஒரு காட்சியைக் காட்டலாம்.

வ்லாடிமிர் கிளிட்ச்கோ, 2006–2015

ஆண்டுக் கணக்கில் லூயிஸுக்கு அடுத்துப் பேச வேண்டிய ஆட்சி. தொடர்ந்து 18 காப்பு. அண்ணன் விட்டாலி 2008இல், பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.சி.யின் பட்டத்தை எடுத்தார். 2011 ஜூலையில் டேவிட் ஹேயை வ்லாடிமிர் வென்றபோது நான்கு அமைப்புகளின் பெல்ட்டும் ஒரே குடும்பத்தில். அண்ணனும் தம்பியும் மோதமாட்டோம் என்று தாயிடம் வாக்குக் கொடுத்திருந்ததால் யார் பெரியவர் என்ற கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று. ஹெவிவெயிட் சந்தை லாஸ் வேகாஸை விட்டு ஜெர்மானிய அரங்குகளுக்கு நகர்ந்தது.

இமானுவேல் ஸ்டூவர்ட் சீரமைத்த ஆட்டம் எளிது: ஜாப், ஜாப், எப்போதாவது வலது, நெருங்கினால் கட்டிப்பிடித்து உடல் எடையைச் சாய்த்துவிடு. 6 அடி 6 அங்குல ஆளுக்கு இது வாழைப்பழம். உங்கள் குழுவில் மற்றவர்களைவிட ஒரு தலை உயரமான ஒருவன் இருந்தால் அவனுக்கு மட்டும் இந்த ஜாபைக் காட்டுங்கள். கட்டிப்பிடிப்பதைக் காட்டாதீர்கள். அமெச்சூர் போட்டியில் நடுவர் எச்சரிப்பார், அதற்கு மேலும் தொடர்ந்தால் புள்ளி போகும். மூன்றே சுற்றில் ஒரு புள்ளி போனால் சண்டையே போன மாதிரி.

2015 நவம்பர் 28இல் டைசன் ஃபியூரியிடம் தோற்ற இரவு மட்டும் ஒரு நல்ல பாடம். 12 சுற்றில் கிளிட்ச்கோ தொட்ட குத்துகள் 52 என்று எண்ணினார்கள். ஃபியூரி அவரை அடித்து வெல்லவில்லை. பொய்க் குத்தாலும் நிற்கும் பக்கத்தை மாற்றியும் அவரைக் குத்தவிடாமல் செய்தார். பார்ப்பதற்கு வேப்பங்காய்.

லேரி ஹோம்ஸ், 1978–1985: இதைத்தான் எடுக்கச் சொல்கிறோம்

யாரும் கேட்காத பெயர். பென்சில்வேனியா மாநிலத்தின் ஈஸ்டன் ஊர்க்காரர், அலிக்குப் பயிற்சித் துணையாக நின்று தேறியவர். 1978 ஜூன் 9இல் நார்ட்டனை வென்று டபிள்யூ.பி.சி. பட்டம் எடுத்தார். 20 காப்பு, 48 வெற்றி வரை தோல்வி இல்லை. 1985 செப்டம்பர் 21இல் மைக்கல் ஸ்பிங்ஸிடம் இழந்தார். வென்றிருந்தால் ராக்கி மார்சியானோவின் 49ஐத் தொட்டிருப்பார்.

அடக்கி ஆண்ட ஒருவர் தன் காலத்தை எப்படி வார்க்கிறார் என்பதற்கு இவர் காலத்தில் விநோதமான சான்று ஒன்று இருக்கிறது. அலி விலகியபின் இன்னோர் அமைப்பான டபிள்யூ.பி.ஏ.வின் பட்டம் தனி வழியில் போய், ஜான் டேட், மைக் வீவர், மைக்கல் டோக்ஸ், கெரி கோட்சி, கிரெக் பேஜ், டோனி டப்ஸ் என்று கை மாறிக்கொண்டே இருந்தது. அந்தப் பட்டியலில் வீவர் யார்? 1979இல் ஹோம்ஸிடம் 12வது சுற்றில் நிறுத்தப்பட்டவர், அடுத்த ஆண்டே சாம்பியன். பெர்பிக் 1981இல் ஹோம்ஸிடம் தோற்றார், 1986இல் சாம்பியன். டிம் விதர்ஸ்பூன் 1983இல் தோற்றார், ஜேம்ஸ் ஸ்மித் 1984இல் தோற்றார். இருவரும் பின்னால் சாம்பியன்கள். ஆக, ஒரு வாசலில் தோற்ற நால்வர் பக்கத்து வாசலில் பெல்ட் கட்டினார்கள். டைசன் வந்து பட்டங்களைச் சேர்த்தபோது அவர் தாண்டிய ஆட்களில் பெர்பிக்கும் ஸ்மித்தும் உண்டு. 1988இல் ஹோம்ஸையே 4வது சுற்றில் வீழ்த்தினார். டைசன் காலத்துக்கு மண் குழைத்தவர் ஹோம்ஸ் என்றால் மிகையில்லை.

வேறொரு லாபமும் உண்டு. வண்ணப் படம், தொலைக்காட்சிக் கேமரா பக்கத்தில், கால் தெளிவாகத் தெரிகிறது. எதிராளிகள் ஆளுக்கு ஒரு விடை எழுதினார்கள். நார்ட்டன் ஜாபுக்கு ஜாப் வைத்தார். எர்னி ஷேவர்ஸ் ஜாபுக்கு மேல் வலதைச் சுழற்றி 1979இல் 7வது சுற்றில் ஹோம்ஸைத் தரையில் போட்டார். ஹோம்ஸ் எழுந்து 11வது சுற்றில் முடித்தார். 1981இல் ரெனால்டோ ஸ்னைப்ஸின் வலதும் அவரைப் போட்டது, அதுவும் 7வது சுற்று. ஷ்மெலிங் கண்ட அதே வியாதி, நாற்பது வருடம் கழித்து வேறொரு கையில். விதர்ஸ்பூன் கைகளைக் குறுக்கே வைத்து ஜாபை வாங்கித் திருப்பிக் கொடுத்தார், பிளவுத் தீர்ப்பு (நடுவர் மூவரில் ஒருவர் மட்டும் மாற்றிக் கொடுப்பது) வரை போனார். ஸ்பிங்ஸ் நேர்க்கோட்டிலேயே நிற்க மறுத்தார்.

ஹோம்ஸைப் பார்ப்பதில் உள்ள ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் மெதுவாகச் சூடேறுவார். 15 சுற்று இருக்கிறவருக்கு அந்த வசதி உண்டு. நம் பையனுக்கு மூன்றே சுற்று. முதல் சுற்றை எதிராளியை அளக்கவே செலவழித்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதை ஒவ்வொரு வாரமும் சொல்ல வேண்டும், ஒரு முறை சொன்னால் ஏறாது.

இரண்டு மணி நேரம் எப்படிப் போகும்

ஒரு சண்டையில் மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு சுற்றையும் மூன்று முறை. முதல் முறை சத்தமில்லாமல், ஏனென்றால் வர்ணனையாளர் சொல்வதைத்தான் கண் பார்க்கும். (தகரக் கூரையில் மழை அடிக்கும்போது எப்படியும் ஒன்றும் கேட்காது.) இரண்டாம் முறை குழுவைப் பிரியுங்கள்: ஒரு பாதி சாம்பியனின் இடது கையுறையை மட்டும் பார்த்து எத்தனை ஜாப், அதில் எத்தனை தாடைக்குக் கீழே திரும்பியது என்று கோடு போடட்டும். மறுபாதி எதிராளியின் பின்கால் எந்தப் பக்கம் போகிறது என்று எழுதட்டும். மூன்றாம் முறை பாதி வேகத்தில் ஓடவிட்டு, யாராவது கை தூக்கினால் நிறுத்துங்கள். பேச்சோடு சேர்த்துச் சுற்றுக்கு இருபது நிமிடம், மூன்றுக்கு ஒரு மணி நேரம்.

எண்ணிக்கை ஒருவனுக்கு 18, இன்னொருவனுக்கு 31 என்று வரும். ஒருவன் பட்டதை மட்டும் எண்ணியிருப்பான், மற்றவன் போட்டதையெல்லாம். போட்டதை மட்டும் எண்ணு என்று தாளின் தலையிலேயே எழுதிவிடுங்கள். தொகுப்புக் காணொளிகளைத் தொடவே வேண்டாம். தவறிய குத்தை வெட்டிவிடுவார்கள், பாடம் அந்தத் தவறிய குத்துக்குள்தான் இருக்கிறது.

பிறகு அரை மணி நேரம் ஜோடிப் பயிற்சி, இரண்டு நிமிடச் சுற்றுகளாக, பலம் இல்லாமல். ஒருவன் பேட் (குத்து வாங்கக் கையில் மாட்டும் மெத்தை) பிடிப்பான். மற்றவன் ஜாப் போட்டுக் கையை இழுத்த உடனே, பேட் பிடிக்கிறவன் மறு பேட்டால் அவன் இடது காதுப் பக்கம் மெதுவாகத் தட்ட வேண்டும். கை ஒழுங்காகக் கன்னத்துக்குத் திரும்பியிருந்தால் பேட் கையுறையில் படும். இல்லையென்றால் காதில் படும், அவனுக்கே தெரிந்துவிடும். தட்டுகிறவன் முதல் சுற்றிலேயே உற்சாகமாகி அறைய ஆரம்பிப்பான். பேட்டை வாங்கி வேறொருவனிடம் கொடுங்கள்.

வரிசை: முதல் வாரம் லூயிஸ்–ஷ்மெலிங் 1936. இரண்டாம் வாரம் லூயிஸ்–பில்லி கான் 1941, கடைசி மூன்று சுற்று. நடுவர்களின் இரண்டு புள்ளித் தாளில் முன்னணி, ஒன்றில் சமம் என்ற நிலையில் 13வது சுற்றில் வீழ்த்தப்போய் வீழ்ந்த கானைக் காட்ட. மூன்றாவது ஹோம்ஸ்–நார்ட்டன், 13, 14, 15. நான்காவது ஷேவர்ஸ் 1979. ஐந்தாவது 1982இல் ஜெரி கூனி, உயரமான இடது ஹூக்காரரை ஜாப் எப்படித் தூரத்திலேயே வைத்தது என்பதற்கு. ஆறாவது விதர்ஸ்பூன். ஏழாவது டைசனுக்கு விடலாம்: ஹோம்ஸ் விழும் 4வது சுற்று, பிறகு டக்ளஸ் சண்டையில் இரண்டு சுற்று. ஆறு வாரம் கைதேறிய கண்ணோடு பார்த்தால் டைசனின் தலை அசைவு அப்போது தெரியும்.

எட்டாவது வாரம் ஸ்பிங்ஸ்–ஹோம்ஸ் 1985, பதினைந்து சுற்றும், இடைவேளையோடு ஒரு மணி நேரம், நிறுத்தாமல். ஆளுக்கு ஒரு தாள். சுற்றை வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9. ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது, 15வது மணி அடித்ததும் அறிவிப்பாளர் வாய் திறக்கும் முன் தாள்களை வாங்கிவிடுங்கள். நடுவர்கள் மூவரும் ஸ்பிங்ஸுக்குக் கொடுத்தார்கள்: 143–142, 143–142, 145–142. அதைச் சொன்ன பிறகு மூன்றாம் வாரச் சண்டையின் தீர்ப்பையும் பலகையில் எழுதுங்கள். ஹோம்ஸ் பட்டம் எடுத்த அந்த இரவு இரண்டு நடுவர்கள் அவருக்கும் ஒருவர் நார்ட்டனுக்கும் கொடுத்தார்கள், மூன்று தாளிலும் அதே 143–142.